காலருக்குள் இரண்டு விரல்

கழுத்தை அளக்கும்போது தையல்காரர் டேப்புக்குள் இரண்டு விரலை நுழைத்துக்கொள்வார். பிள்ளை எச்சில் விழுங்க இடம் வேண்டும் என்பார். மூன்று பள்ளிக்கூடங்களின் சீருடை அவர் கையில். வாயில் நாலைந்து குண்டூசிகள் எப்போதும் இருக்கும். அவற்றைக் கடித்தபடியே பேச்சும் வரும். "ஆடாம நில்லுடா. தைக்கப்போறது சட்டையத்தான், உன்னையில்ல."

எந்தப் பாவாடையின் கீழ்மடிப்பிலும் மூன்று விரல் துணி அதிகம் விட்டிருப்பார். "வளர்ற பிள்ளைங்க. வருஷா வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்." அளவு நோட்டில் பெயர் எழுதும் வழக்கமில்லை. 'ஒல்லி', 'வக்கீல் வீட்டு மூத்தது', 'மூக்குச்சளி' என்றுதான் இருக்கும். தன் மகளுக்கு 'பட்டன்' என்று எழுதியிருந்தார்.

பட்டனுக்குப் பதின்மூன்று வயது. மூன்று வருடமாக அவள் பாவாடையைப் பிரிக்கும் வேலை வரவில்லை. "என் பொண்ணு எனக்குச் செலவே வைக்கமாட்டா," என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார். சட்டைக் காலர் மட்டும் இறுக்கியது. முதலில் பொத்தானைத் தள்ளித் தைத்தார். அடுத்த வருடம் காலரையே மாற்றினார். "கழுத்து பூசினாப்பல வருது. எங்கம்மா வாகு," என்றாள் மனைவி, பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே.

பட்டன் பகலிலும் வெட்டுத்துணிக் குவியலில் தூங்கினாள். கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் கேட்டாள். ஒன்று கேட்டால் பதில் வர நேரமாகும். "என்ன, பதில் மாட்டு வண்டியில வருதா?" என்பார். ஒருநாள் பொறுமையற்று மரஸ்கேலால் முதுகில் ஒன்று வைத்தார். அழுவதற்கும் அவள் நேரம் எடுத்துக்கொண்டாள்.

கோட்டு தைக்கக் கொடுக்க வந்த நர்ஸ்தான் பார்த்தாள். பட்டன் அப்போது அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாய் குடிம்மா."

குடித்தாள். கழுத்தின் முன்புறம் ஒரு வீக்கம் ஏறி இறங்கியது.

"எவ்வளவு நாளா இருக்கு இது?"

அவருக்குத் தேதியோடு சொல்லத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கை நீளம் பதினேழு, பதினேழு, பதினேழரை. கழுத்து பதினொண்ணு, பதினொண்ணே முக்கால், பன்னிரண்டரை. எழுதினது நீங்களா?"

"ஆமாங்க."

"எழுதும்போது பார்க்கலையா?"

"காலருக்குத்தாங்க பார்த்தேன்."

அவள் நோட்டை மூடினாள். "தைராய்டு சுரப்பி ஒழுங்கா வேலை செய்யல. வீங்கினது அது. வளராததும் தூங்கினதும் அதனாலதான். தினமும் வெறும் வயித்துல மாத்திரை, நிறுத்தவே கூடாது. இனிமே வளர்வா. எலும்பு வளர்ச்சி நின்னு மூடுறதுக்குள்ள முடிஞ்ச அளவு. போன மூணு வருஷத்தையும் முழுசா திருப்பி வாங்க முடியாதுங்க."

இப்போது அவர் குண்டூசிகளை வாயில் வைத்துக்கொள்வதில்லை. அளவெடுக்க வருகிற பிள்ளைக்கு முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் தருகிறார். அது விழுங்குவதைக் குனிந்து பார்க்கிறார். "சட்டை தைக்க வந்தோமா, வைத்தியத்துக்கு வந்தோமா?" என்று ஒரு தாய் மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தெருவில் அவருக்கு 'தண்ணி டாக்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மகளின் தூக்கம் தெளிந்துவிட்டது. எதிர்த்துப் பேசுகிறாள். ஒரு காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, "இனிமே என்னைப் பட்டன்னு கூப்பிடாதீங்கப்பா," என்றாள். அன்றிலிருந்து "ஏம்மா" என்று மட்டும்தான் கூப்பிடுகிறார். வேறு எதுவும் வாயில் வருவதில்லை.

மாதம் பிறந்தால் அவளே கதவோரம் போய் நிற்கிறாள். அவர் உச்சந்தலையில் ஸ்கேலைக் கிடையாக வைத்துக் கதவில் கோடு கிழிப்பார். பிறகு டேப்பை அங்கிருந்து தரைக்கு இறக்குவார். முதல் நான்கு மாதமும் கோடு ஏறியது. போன இரண்டு மாதமும் பழைய கோட்டின் மேலேயே விழுந்தது.

இந்த மாதமும் நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "எவ்வளவுங்க?" என்றாள்.

கோடு கிழித்துவிட்டு டேப்பின் நுனியோடு குனிந்தார். மகளின் குதிகால்கள் தரையைவிட்டு ஒரு விரல் எழும்பியிருந்தன. கால்விரல்கள் வெளுக்க, முன்பாதத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் மண்டியிட்டு டேப்பின் நுனியைத் தரையில் அழுத்தினார். பிறகு அந்த அளவை உள்ளே கேட்கும்படி உரக்கப் படித்தார்.