பெயர் போனால் போகட்டும்

ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போவில், ஒரு தேநீர் மண்டபத்தில், குவாய் ஹிங் இருபத்தாறு வருஷம் பலகார வண்டி தள்ளினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் பிழைத்ததே வாயால்தான். அவள் பலகாரப் பெயர்களைக் கூவிக்கொண்டு வந்தால், செய்தித்தாளில் மூழ்கிய கிழவரும் தலையைத் தூக்குவார்.

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. கைகால் தப்பியது, பெயர்கள் போய்விட்டன. கண்ணெதிரே இருப்பது என்னவென்று நன்றாகத் தெரியும், சொல்லத்தான் வராது. நான்கு மாதம் வீட்டில் அழுதாள். அழுகை சலித்துப்போய் வேலை கேட்டு வந்தாள்.

"இந்த ஒரு காலையில தள்ளிப் பாருங்க, அக்கா. வண்டி காலியாகலேன்னா என்னைத் திட்டக்கூடாது," என்றார் மேலாளர் ஃபோக். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஹிங் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஐந்து மேஜைகள் கடந்தும் ஒருவரும் திரும்பவில்லை. ஃபோக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன ஹிங், வண்டியில பொணமா கொண்டு போற? சத்தமே காணோம்!" என்றார் மாக். ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், அவளை வம்புக்கிழுக்காவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூங்கில் கூடையைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"யித் லாத் லாத்!"

சுடச்சுட என்று அர்த்தம். சொன்னவளே திகைத்து நின்றாள். பெயரெல்லாம் ஓடிப்போன வீட்டில், தவழும் வயதிலிருந்து கேட்ட இரட்டைச் சொற்கள் மட்டும் மூலையில் ஒண்டிக் கிடந்திருக்கின்றன.

"சுடச்சுட சரி. உள்ள என்ன?"

அவள் அரிசிமாவுச் சுருளைக் காட்டினாள். "வழவழ!" அடுத்து இறைச்சி வைத்த பன். "கொழுகொழு!"

"யாரு, நானா?" மாக் தொப்பையைத் தடவினார்.

மேஜையே சிரித்தது. பக்கத்து மேஜையிலிருந்து ஒருத்தி கையை ஆட்டினாள்: "அக்கா, அந்தக் கொழுகொழு இங்க ரெண்டு!"

பத்தரை மணிக்கு வண்டி காலி. ஃபோக் முன்னால் போய் நின்றாள். கேட்கப் பயம், கேட்கச் சொல்லும் இல்லை.

அவர் சமையலறைச் சன்னலில் தலையை நீட்டினார். "தூங்குறீங்களாடா? அக்கா வண்டிக்குக் கொழுகொழு பத்து, வழவழ எட்டு, சீக்கிரம்!"

என்ன பலகாரமென்று உள்ளேயிருந்து ஒருவரும் கேட்கவில்லை. ஹிங்குக்கு அழுகை முட்டியது. ஆனால் நின்று அழுதால் கூடைகள் ஆறிவிடும். வண்டியைத் தள்ளினாள்.