எஸ்தர் தர மறுத்த பட்டியல்

கடம்பத்தூர் ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நின்றிருந்தபோது எஸ்தரின் தம்பி போன் செய்தான். "அக்கா போயிடுச்சுண்ணா. விடிகாலைல. மதியானத்துக்குள்ள மீஞ்சூருக்கு எடுத்துக்கினு வந்துடுவோம்" என்றான். இரண்டு வருடமாகச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. ஆனாலும் வந்த ரயிலில் ஏறாமல் நின்றுவிட்டேன். அடுத்ததிலும் ஏறவில்லை. எஸ்தருக்கு நாற்பத்து நான்கு வயது.

அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டியில் நாம் எல்லோரும் கூடி அவருக்கு அஞ்சலி செலுத்தினோம். படத்துக்கு மாலை போட்டோம். நம்மில் ஒருவர் மைக்கைப் பிடித்து, மிகுந்த அன்போடுதான், "எஸ்தருக்கு யாரையும் நம்பும் பழக்கம் கிடையாது. எல்லாவற்றிலும் சந்தேகம். அந்தக் குணத்தோடுதான் அவரை நேசித்தோம்" என்றார். சிலர் தலையாட்டினீர்கள். சிலர் சிரிக்கவும் செய்தீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பேசியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். எஸ்தரின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அன்று தலையாட்டியவர்களுக்காகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகள் சில உண்டு. அங்கே வேலை செய்பவர்களின் ரத்தத்தில் ஈயம் சேரும். வயிற்றுவலி வரும், கை மரத்துப்போகும், தூக்கம் போகும். வரச் சம்மதிப்பவர்களுக்கு ரத்தம் எடுத்து, பரிசோதித்து, ஒரு டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுப்பது எங்கள் ஐந்து பேரின் வேலை. பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை. ஈயத்தின் ஆபத்தைச் சொல்லக் கூட்டங்கள் நடத்துவோம்; வந்தவர்களின் பெயர்கள் ஒரு கோப்பில் இருக்கும். யாருக்கு எவ்வளவு ஈயம் என்ற பட்டியல் எஸ்தரின் லேப்டாப்பில் இருந்தது. நாற்பத்தொரு பெயர்கள். அந்தப் பட்டியல் பட்டறைக்கு ஆள் விடும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால் நாற்பத்தொரு பேருக்கும் மறுநாள் வேலை இல்லை. உடம்பு கெட்டவனுக்கு வைத்தியம் பார்ப்பதைவிட ஆளை மாற்றுவது அவர்களுக்குச் சுலபம்.

இதை எஸ்தர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நாற்று நட்ட தாய்க்குப் பிறந்து, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் டைப் அடித்தவர் அவர். எங்களிடம் வந்த முதல் நாளே, உட்காருவதற்கு முன்னால், அதைச் சொன்னார். "வேலைக்கு எடுக்கக்கூடாதவங்க லிஸ்டுன்னு ஒண்ணு இருக்கும்ணா. கடைசி கட்டத்துல 'குறிப்பு'ன்னு போட்டிருக்கும். ஒருத்தருக்கு 'யூனியன்'. ஒருத்தருக்கு 'இருமல்'. நானே டைப் பண்ணி, நானே மத்த கம்பெனிக்கெல்லாம் அனுப்பியிருக்கேன். ஒம்போது வருஷம். இதைக் கேட்டுட்டு என்னை சேத்துக்கலாமான்னு முடிவு பண்ணுங்க." நாங்கள் சேர்த்துக்கொண்டோம். அவர் தன் கையால் தட்டிய பெயர்களில் ஒன்றிரண்டையாவது தினமும் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பழகப் பழகப் புரிந்தது.

பட்டியலை அவர் ஒரு குறியாக்க மென்பொருளால் பூட்டி வைத்திருந்தார். கடவுச்சொல் இல்லாதவன் திறந்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் தெரியும். இப்படி ஒரு வருடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கைபேசிகளில் ஒரு செய்தி பரவியது. அந்த மென்பொருளில் அரசாங்கம் கடவுச்சொல் இல்லாமலே திறக்கும் பின்கதவு வைத்துவிட்டது, செய்தவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள், உடனே அழியுங்கள் என்று. ஒரே நாளில் நான்கு பேர் எனக்கு அதை அனுப்பினார்கள். நானும் பதறிப்போய் நான்கு பேருக்கு அனுப்பினேன்.

எஸ்தர் பதறவில்லை, சிரித்து ஒதுக்கவும் இல்லை. பத்து நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தார். யார் முதலில் சொன்னது என்று பின்னோக்கித் தேடிப்போனார். ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அவர் முதலாமவரையே காட்ட, ஆரம்பம் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. அந்த மென்பொருளின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்; வெளியாட்கள் படித்துப் பார்த்து, இன்னின்ன குறை இருக்கிறது என்று எழுதி வெளியிட்டிருந்தார்கள். குறை என்ற சொல்லைக் கேட்டதும் நான் பயந்தேன். அவர் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "குறை இருக்குதுன்னு வெளிய எழுதறாங்க, செஞ்சவன் அதைத் திருத்தறான், திருத்துனதையும் வெளிய காட்டறான். அதனாலதாண்ணா நம்பறேன். எனக்கு அந்த நிரலெல்லாம் படிச்சா புரியாது. ஆனா ஒருத்தனை ஒருத்தனுக்குப் புடிக்காத நாலு பேரு அதைப் படிச்சிருக்காங்க." இப்படிப் பேசியவரைத்தான் நாம் எதையும் நம்பாதவர் என்று மேடையில் சொன்னோம்.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். எங்களைப் போன்ற குழுக்களுக்கென்றே தன் நிறுவனம் ஒரு மென்பொருள் வைத்திருப்பதாகவும், ராணுவத் தரம் என்றும், எந்த அரசாங்கமும் திறக்க முடியாது என்றும், இலவசம் என்றும் சொன்னார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. எஸ்தர் கேட்டார், "உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு யாராவது வெளியாளு பாத்திருக்காங்களா சார்?"

"அது கம்பெனி ரகசியம் மேடம். வெளிய காட்டினா அப்புறம் இன்னா பாதுகாப்பு?"

"சரி. எனக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னா?"

"கவலையே படாதீங்க. ஒரு போன் போடுங்க, அஞ்சு நிமிஷத்துல நாங்க தொறந்து குடுத்துடுவோம்." இதைத்தான் அவர் பெருமையோடு சொன்னார்.

"அப்போ சாவி உங்க கையிலயும் இருக்குதே சார்" என்றார் எஸ்தர்.

ஆலோசகர் சிரித்துச் சமாளித்தார். அவர் போனபிறகு ஓட்டெடுப்பு நடந்தது. மாறலாம் என்று நான்கு கை தூக்கினோம். அதில் ஒன்று என் கை. அவ்வளவு தெளிவாக அவர் கேட்டும், அவ்வளவு தெளிவாக அந்த ஆள் பதில் சொல்லியும் நான் கை தூக்கினேன். 'எப்படியும் அரசாங்கம் எல்லாத்தையும் பாக்குது, எதுல வெச்சா இன்னா' என்று சொன்னதும் நான்தான். அந்த வாக்கியத்தை இப்போது யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. தெளிவு மாதிரி தெரிகிற சோம்பேறித்தனம் அது. எல்லாம் தெரிந்தவன் போலச் சொல்லிவிட்டு, இன்னொருவனின் பிழைப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விடலாம்.

"கூட்டத்துக்கு வந்தவங்க பேரு இருக்கற ஃபைலை உங்க இஷ்டப்படி பண்ணுங்க. அதுவே தப்புன்னுதான் சொல்லுவேன். ரத்தப் பட்டியலை நான் தரமாட்டேன்" என்றார் எஸ்தர். தரவில்லை. கூட்டக் கோப்பை மட்டும் ஆலோசகரின் மென்பொருளுக்கு மாற்றிவிட்டு, பிடிவாதக்காரி என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஒன்பது பேரைப் பட்டறை வாசலில் நிறுத்தி, இனிமேல் வரவேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். சூப்பர்வைசர் தன் கைபேசியைப் பார்த்துப் பெயர்களைப் படித்திருக்கிறார். திரும்பியவர்களில் செங்கையா என்பவர் அந்தத் திரையை எட்டிப் பார்த்துவிட்டார். "என் பேரை செங்கய்யான்னு தப்பா போட்டிருந்தான் சார். உங்க கூட்டத்துல கையெழுத்து போடச் சொன்ன தாளுலயும் அப்படித்தான் போட்டிருந்தீங்க" என்றார். அது எங்கள் தப்பு. எங்கள் கோப்பில் மட்டுமே இருந்த தப்பு.

ஆலோசகருக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஒரு ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துச்சு சார், தொறந்து குடுத்துட்டோம். எல்லாருக்கும் அதான் நடைமுறை." எந்த அலுவலகம் என்று கேட்டேன். சொல்லவில்லை. கோர்ட்டு உத்தரவா என்று கேட்டேன். லெட்டர் என்றார். அந்த லெட்டரிலிருந்து சூப்பர்வைசர் கைபேசிக்கு எங்கள் பட்டியல் எப்படிப் போனது என்பது இன்றுவரை தெரியாது. பின்கதவு பின்கதவு என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்தபோது, கேட்டவனுக்கெல்லாம் திறந்துகொடுக்கும் ஒரு ஆளிடம் நாங்களே போய்ப் பெயர்களை ஒப்படைத்திருந்தோம்.

'நான் அப்பவே சொன்னேன்' என்று எஸ்தர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "ஒம்போது வீட்டுக்கும் போவணும்ணா. நம்மாலதான்னு நம்ம வாயால சொல்லணும்" என்றார். மற்ற மூவரும் வேலை இருக்கிறது என்றார்கள். நாங்கள் இருவரும் போனோம். செங்கையா வீட்டில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் பேசினார். "ரத்தம் குடுத்தா நல்லதுன்னு நீங்கதானே சார் இட்டுக்கினு போனீங்க. இப்ப இன்னா சொல்லிக்கினு வந்திருக்கீங்க?" எஸ்தர், "தப்பு எங்களுது. நீங்க திட்டறது நியாயம்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா திட்டி முடிக்கும்வரை நின்றார். அப்படி நிற்கத் தெரிந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து போலீஸார் லேப்டாப்பைக் கேட்டு எஸ்தரை விசாரணைக்கு அழைத்தார்கள். இரண்டு நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஏற்கனவே கால் வீங்கும் உடம்பு அவருக்கு. நான் துணைக்குப் போயிருந்தேன். விசாரித்த அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "தப்பு எதுவும் பண்ணலைன்னா எதுக்கும்மா மறைக்கணும்? பாஸ்வேர்டைச் சொல்லிட்டுப் போயிடு."

"சார், உங்க ஒடம்புல இன்னா வியாதி இருக்குதுன்னு எழுதி ஆபீஸ் வாசல்ல ஒட்டுவீங்களா?"

"என்னைப் பத்தி எதுக்குப் பேசற?"

"அதேதான் சார். அது அவங்க ரத்தம். என்னுது இல்ல. எழுத்துல உத்தரவு குடுங்க, வக்கீல வெச்சி பதில் சொல்றேன்."

உத்தரவு கடைசிவரை எழுத்தில் வரவில்லை. லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு ரசீது எழுதித் தரும்வரை எஸ்தர் எழுந்திருக்கவில்லை. சில மாதம் கழித்துத் திருப்பித் தந்தார்கள். ரத்தப் பட்டியலில் மட்டும் இருந்தவர்களில் ஒருவர்கூட வாசலில் நிறுத்தப்படவில்லை. நான் குதித்தேன், "தொறக்க முடியல பாத்தியா" என்றேன். அவர் என்னை அடக்கினார். "அது நமக்குத் தெரியாதுண்ணா. தொறந்துட்டு சும்மா இருந்திருக்கலாம். தெரியாததை தெரிஞ்ச மாதிரி வெளிய சொல்லாதீங்க." வெற்றியைக்கூட அளவுக்கு மேல் நம்ப மறுத்தார். வதந்தியால் அடிபட்ட எங்களில் இன்னொரு வதந்தியைக் கிளப்பாதவர் அவர் ஒருவர்தான்.

டாக்டர் ரத்த முடிவுகளைப் பெயர்கள் இல்லாமல் எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பினார். நீண்ட இழுபறிக்குப் பிறகு பட்டறையில் புகை உறிஞ்சும் கூண்டு வைத்தார்கள். பட்டியலில் இருந்தவர்கள் பலரும் வேலையை விடாமலே மருந்து சாப்பிட்டார்கள். ஒன்பது பேரில் ஒருவருக்கும் அந்தப் பேட்டைக்குள் மறுபடி வேலை கிடைக்கவில்லை. செங்கையா காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் சுமை தூக்குகிறார். அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில் நின்றார். அவரைப் பேச யாரும் கூப்பிடவில்லை.

டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் எஸ்தர் ஒவ்வொருவரையும் அழைத்து அவரவர் முடிவை அச்செடுத்து அவரவர் கையில் கொடுத்தார். பிறகு பட்டியலை அழித்துவிட்டார். லேப்டாப்பிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. 'அவ்வளவு உழைப்பும் அவரோடு போய்விட்டது' என்று வருத்தப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: போகவில்லை. யாருடையதோ அவர்களிடம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது பேசவே மூச்சு வாங்கியது. ஆனாலும் வேலையைத்தான் பேசினார். "இனிமே யாராவது ரத்தம் குடுக்க வந்தா, யாரும் பாக்க மாட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணா. அது பொய். யாரு யாரு பாப்பாங்கன்னு பேரு சொல்லுங்க. வேற யாரு கேட்டாலும் முதல்ல உங்ககிட்ட வந்து சொல்லுவேன்னு சொல்லுங்க. அது போதும்."

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு பதில்தான். போன வாரம் பேட்டரித் தகடு பிரிக்கும் ஒரு பெண் மாடியேறி வந்தார். விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். ஊசியைப் பார்த்துவிட்டு, "இதை யாரு சார் பாப்பாங்க?" என்று கேட்டார். நான் பார்ப்பேன் என்றேன். டாக்டர் பெயரைச் சொன்னேன். பரிசோதனைக் கூடத்துக்கு எண் மட்டும்தான் போகும் என்றேன். எஸ்தரின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது, நிறுத்திக்கொண்டேன். வேறு யார் கேட்டாலும் முதலில் உங்களிடம்தான் வந்து சொல்வேன் என்றேன். அந்தப் பெண் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, கையை நீட்டினார்.