ஆறு கிலோ எழுநூறு

ஒரு பெண் குழந்தையின் எடை ஏழு கிலோ. நான் முதலில் ஆறு கிலோ எழுநூறு என்று எழுதினேன். பிறகு மேற்பார்வையாளர் சொன்னதன் பேரில், அதே மாதத்துக்கு ஏழு கிலோ என்று மாற்றி எழுதினேன். இந்த இரண்டில் எது பொய்?

இரண்டு வருடம் ஆகப் போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. ஒருமுறை என் கணவரிடம், வேறு யாரோ செய்தது போலச் சொல்லிக் கேட்டேன். அவர் மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, "ஏழு கிலோ இருந்திச்சின்னா ஏழு எழுதினதுதானே ரைட்டு? இதுல இன்னா குழப்பம்?" என்றார். நானும் குழப்பம் இல்லை என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். அவருக்கு வேலை கிடைத்ததால் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுப் பக்கம் வந்தோம். என் மகள் அப்போது மடியில் இருந்தாள். வந்த சில மாதங்களில் ஊரில் குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து மையம் திறந்தார்கள். படித்த பெண் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என்னைத் தேடி வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதம் ஒரு முறை எடை போட வேண்டும். எடை ஏறாத குழந்தைக்கு மூன்று மாதம் தினமும் சத்துருண்டை கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் அரைக் கிலோ ஏறிவிட்டால் குழந்தை தேறிவிட்டது என்று எழுதி உருண்டையை நிறுத்திவிட வேண்டும். ஏறாவிட்டால் தொடர வேண்டும்.

திருப்பத்தூரில் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் கரும்பலகையில் 7 என்று எழுதி, "இது இன்னா சொல்லுது?" என்று கேட்டார். பிறகு அவரே, "ஒண்ணும் சொல்லாது. பக்கத்துல போன மாசத்து எடையப் போடுங்க, அப்பத்தான் பேசும்" என்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை. மாதத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு ஏறினால் நல்லது, படுத்தால் உருண்டை, இறங்கினால் ஆஸ்பத்திரி. மாதக் கடைசியில் என் மையத்துக் கோடுகள் எல்லாம் ஒரே தாளில் அடங்கும்: ஏறியவை எத்தனை, படுத்தவை எத்தனை, இறங்கியவை எத்தனை. மேற்பார்வையாளர் தன் மையங்களின் தாள்களைச் சேர்த்து ஒரு தாளாக்குவார். அது அலுவலகத்துச் சுவரில் ஏறும். அந்தச் சுவரைப் பார்த்து, ஜீப் எங்கே போவது, மாவு மூட்டை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். குழந்தையை ஒருநாளும் பார்க்காதவர்களால் அந்தக் குழந்தைக்கு வேண்டியதைச் செய்ய முடிகிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நான் கோடு போடுவதில் கெட்டிக்காரி. ஸ்கேல் வைத்து, மை பரவாமல் போடுவேன்.

தராசு, கடிகாரம் மாதிரி வட்ட முகம் உள்ளது. உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பையில் குழந்தையை மாட்டினால், அது காலை உதைத்துக்கொண்டு அழும். முள் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னால் தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள்.

நான் சொல்லும் குழந்தையின் தாய் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடிசையில் இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, உருண்டையைப் பிட்டுப் பிட்டு ஊட்டிவிட்டுத்தான் கூலிக்குப் போவாள். சிரித்த வாய். என் மகளைக் கண்டால் போதும். "டீச்சரம்மா, உன் பொண்ண அதுல மாட்டாத, முள்ளு ஒடைஞ்சிடும். அப்பறம் எங்க கொழந்தைங்கள எதுல நிறுப்ப?" என்பாள். இரண்டு குழந்தைகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒன்றே கால். என் மகளின் கோடு அட்டையின் மேல் ஓரத்தில் போனது. எனக்கு அப்படியும் நிம்மதி இல்லை. யாரும் இல்லாதபோது அவளைத் தனியாக எடை போட்டுப் பார்ப்பேன். உடைந்த உருண்டைகளை அவளுக்கு ஊட்டியிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழந்தை ஆறு கிலோ நானூறில் உருண்டைப் பட்டியலுக்கு வந்தது. மூன்றாம் மாதம், ஆடியில், முள் ஏழில் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "தேறிட்டா உன் பொண்ணு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நாளையிலேர்ந்து உருண்டை கெடையாதா?"

"ரூல் அப்படி."

"சாமை அறுக்க இன்னும் ரெண்டு மாசம் கீது டீச்சரம்மா. வூட்ல ஒண்ணும் இல்ல. தின்னு தேறினா நிறுத்திடுவேன்னா, தேறாம இருந்திருந்தா குடுத்திருப்பியா?"

பின்னால் நின்ற ஒருத்தி, "அடுத்த மாசம் வரும்போது நீ பட்டினி போட்டு இட்டுகினு வா, குடுப்பாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரும் போன பிறகு அவளை நிறுத்தி, அவள் எதிரிலேயே அட்டையில் ஆறு கிலோ எழுநூறு என்று எழுதினேன். "இன்னும் ஒரு மாசம் வரும்" என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் செய்தது புரிந்துவிட்டது. என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று நான் நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் மகளைக் குளிப்பாட்டும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

ஆவணியில் மழை. பலாப்பழ ஈ ஊரெல்லாம் மொய்த்தது. குழந்தைகளுக்குப் பேதி. எடை போடும் நாளில் நர்ஸையும் கூட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் ஜீப்பில் வந்தார். மாதத்துக்கு ஒரு நாள்தான் ஜீப் வரும். கோடு இறங்கிய குழந்தைகளைத் தாயோடு ஏற்றிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குப் போகும்.

அவள் குழந்தையைப் பையில் மாட்டினேன். உதைக்கவில்லை. முள் உடனே நின்றது. ஆறு கிலோ எழுநூறு.

ஒரு மாதத்தில் முந்நூறு கிராம் போயிருந்தது. ஆனால் அட்டையில் போன மாதமும் ஆறு கிலோ எழுநூறு. நான் புள்ளி வைத்தேன். கோடு போட்டேன். கோடு தரையில் வைத்த குச்சி மாதிரி நேராகப் படுத்திருந்தது.

மேற்பார்வையாளர் அட்டைகளை வேகமாகப் புரட்டினார். இறங்கிய இரண்டு குழந்தைகளை ஒதுக்கினார். என் குரல் எனக்கே கேட்காத மாதிரி, "மேடம், இந்தக் குழந்தையையும் கூட்டிப் போலாமா? கண்ணு உள்ள போன மாதிரி இருக்குது" என்றேன்.

"கார்டு இன்னா சொல்லுது?"

"அப்படியே இருக்குது."

"அப்புறம் இன்னா? உருண்டை குடு, அடுத்த மாசம் பாக்கலாம். ஏம்மா, உன் கண்ணு நல்லாப் பாக்கும்னா நாங்க எதுக்குத் தராசு வாங்கிக் குடுக்கறோம்? எல்லாரையும் ஏத்தினா அது ஜீப்பு இல்ல, டவுன் பஸ்ஸு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "போன மாசம் நான் குறைச்சு எழுதினேன்" என்று ஒரே வாக்கியம். வேலை போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கலாம். அந்தத் தாய் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கும் தெரியும், அவளும் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். இல்லை, கோட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவள்மேல் ஏன் போடுகிறேன்?

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். என் மகளுக்கு இரண்டு நாளாக இருமல். மேற்பார்வையாளர் அவள் கன்னத்தைக் கிள்ளி, "நெஞ்சு கட்டிருக்கே. எடம் கீது, ஏறும்மா, டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்துடலாம்" என்றார். ஏறினேன். என் மகளுக்கு யாரும் அட்டை கேட்கவில்லை. ஜீப் புறப்பட்டுத் திரும்பும்போது அந்தத் தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்று, என் மகளுக்குக் கை ஆட்டினாள். எங்களுக்கு ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் அந்தக் குழந்தை செத்துப்போனது. காலையில் உருண்டைக்கு வரவில்லை. ஓடையில் தண்ணீர் இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்துக் குடிசைக்காரி வந்து, "புதைச்சிட்டு வந்துட்டாங்க டீச்சரம்மா" என்றாள். நான் போனேன். அவள் அழுதுகொண்டே, "நீ ஒரு மாசம் எச்சாக் குடுத்த. அதையாவது தின்னுட்டுப் போச்சு" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன். சொல்லவில்லை.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் வந்தார். ஆடி, ஆவணி இரண்டு மாதத்துத் தாள்களும் இன்னும் அவர் பையில்தான் இருந்தன, சேர்த்து அனுப்புவதற்காக. அட்டையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பட்டியல்ல இருக்கும்போதே செத்தா அது சென்டர் சாவு. தேறி வெளிய போனப்புறம் செத்தா ஊர்ச் சாவு. புரியுதா?"

"புரியல மேடம்."

"எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருக்கன்ற. ஆடி மாசம் இது ஏழு கிலோ இருந்திருக்கும். நீ முள்ளச் சரியாப் பாக்கல. ஏழுன்னா தேறிடுச்சி. தேறினா உருண்டை நிறுத்தியாச்சி. ஆவணியில எடைக்கே வரல. புதுக் கார்டு போடு."

ஆடி மாதம் அது ஏழு கிலோதான். அவர் குருட்டாம்போக்கில் சொன்ன எண் உண்மையான எண். நான் மறைத்ததைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சொல்கிறாரோ என்று பயந்தேன். அப்படி ஒன்றுமில்லை. பட்டியலிலிருந்து வெளியேற்ற என்ன எண் வேண்டுமோ அதை ரவுண்டாகச் சொன்னார், அவ்வளவுதான்.

புது அட்டை எடுத்தேன். ஆடிக்கு எதிரே ஏழு கிலோ என்று எழுதினேன். ஆவணிக்கு எதிரே, நான் கண்ணால் பார்த்து உள்ளபடி எழுதியிருந்த ஆறு கிலோ எழுநூறுக்குப் பதிலாக, 'வரவில்லை' என்று எழுதினேன். மழையில் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தவள் அவள். உருண்டைக் கணக்கில் அவள் பெண்ணுக்குக் கொடுத்ததாகப் போட்டிருந்த அந்த மாதத்து டிக்குகளை வேறு குழந்தைக்கு மாற்றினேன். பழைய அட்டையை மேற்பார்வையாளர் நான்காகக் கிழித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். புது அட்டையைப் பார்த்து, "கையெழுத்து முத்து மாதிரி இருக்குது" என்றார்.

அந்தத் தாள்கள் சுவருக்குப் போயின. பட்டியலுக்கு வந்த குழந்தைகள் எல்லாம், பஞ்ச மாதத்தில்கூட, மூன்று மாதத்துக்குள் தேறிய மையம் என்று எங்கள் ஊர் பெயர் எடுத்தது. அதுவரை, தேறிவிட்ட குழந்தைக்கும் கஷ்ட காலத்தில் இன்னொரு மாதம் கேட்டு எழுதினால், சில சமயம் மேலே ஒப்புக்கொள்வார்கள். இப்படி ஒரு வழி இருந்ததே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று தெரிந்திருந்தால் ஏழு என்றே எழுதி, ஒரு மாதம் கேட்டிருப்பேன். அடுத்த வருடம் அதையும் நிறுத்தினார்கள். மலை மையங்களின் கணக்கைப் பார்த்ததில் மூன்று மாதமே போதும் என்று தெரிய வந்திருக்கிறது என்று சுற்றறிக்கையில் இருந்தது. கூட்டத்தில் அதைப் படித்தபோது மற்ற மையத்து டீச்சர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "நீ மட்டும் எப்படித்தான் தேத்தறியோ, இன்னா மாவு போடற?" என்று கேட்டாள்.

இப்போது அதே தாய்க்கு இன்னொரு குழந்தை. ஒரு வயது தாண்டிவிட்டது. இந்தக் குழந்தையும் எடை ஏறாமல் பட்டியலுக்கு வந்து, வரும் வியாழக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. மறுபடியும் ஆடி. தூக்கிப் பார்த்தாலே தெரிகிறது, அரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும். நேற்று எல்லோரும் போன பிறகு அவள் நின்றாள்.

"டீச்சரம்மா, பெரிய பொண்ணுக்கு எய்துனியே, அந்த மாதிரி இதுக்கும் கொஞ்சம் கொறைச்சி எய்திடு. உன்ன வுட்டா யாரு செய்வாங்க?"

"பாக்கலாம்" என்றேன். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளபடி எழுதினால் வெள்ளிக்கிழமை முதல் உருண்டை நின்றுவிடும். குறைத்து எழுதினால் அடுத்த மாதம் என்ன ஆனாலும் கோடு காட்டாது. ஏன் குறைக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால், அன்று அவள் பெண் ஏன் ஜீப்பில் ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் இனி இந்தக் குழந்தையைத் தராசுக்கே கொண்டு வரமாட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து யாரும் வரமாட்டார்கள். சொல்லாமலே இருந்தால், அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே கிழவியாவாள்.

பத்திரிகையில் இதைப் படிக்கிறவர்களில் ஆஸ்பத்திரியிலோ அலுவலகத்திலோ கணக்கு எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். குழந்தையைப் பறிகொடுத்தவர்களும் இருப்பீர்கள். அவளிடம் நான் சொல்ல வேண்டுமா? சொல்வதென்றால் எடை போடுவதற்கு முன்னாலா, பின்னாலா? என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் கூடவே வழியும் எழுதுங்கள். உங்கள் பதில் வியாழனுக்குள் வராது, தெரியும். அதற்கடுத்த மாதமும் அவள் வருவாள்.