இத்தாலியப் படத்தில் பெட்டி சுமந்தவர்: கடலூர், சிதம்பரம் பயணம்

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்தேன். கோயிலுக்காகவோ பிச்சாவரத்துக்காகவோ அல்ல. ஒரு பழைய இத்தாலியப் படத்தை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு, அதில் வந்துபோகும் ஒருவரின் பிள்ளைகளைப் பார்க்கப் போனேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காக: எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இத்தாலியில் சிலர் பழைய சாகசக் கதைகளை எடுத்து மலிவாகப் படம் பண்ணினார்கள். புதையல் வேட்டை, ஆளில்லாத் தீவு, காட்டில் தொலைந்தவனைத் தேடிப் போவது என்று சின்ன வயதில் நாம் படித்த அதே கதைகள்தான். அவற்றின்மேல் ரத்தத்தையும் நிர்வாணத்தையும் அள்ளிக் கொட்டினார்கள். பழைய கதையில் வழிகாட்டியாக வந்த காட்டுவாசி இவர்கள் கையில் மனிதனைத் தின்பவன் ஆனான். சில படங்களில் விலங்குகளை நிஜமாகவே கொன்றார்கள். கூட்டத்தில் நிற்க அந்தந்த ஊர் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களுடைய பெயர் எந்தப் படத்திலும் வராது.

மலேசியாவில் எடுத்த அப்படியொரு படத்தைப் பற்றி எழுதியபோது, பெட்டி சுமந்து வரிசையாகப் போகும் கூலிகளின் காட்சியைப் புகைப்படமாக இங்கே போட்டிருந்தேன். வாட்ஸாப்பில் சுற்றி அது கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில் இருக்கும் ரஹ்மத் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது. “மூணாவதா நிக்கிறது எங்க அண்ணன்னு நெனச்சேன். அப்புறந்தான் அத்தாவோன்னு தோணுச்சு” என்று எழுதியிருந்தார்.

ரஹ்மத் தாய் வயிற்றில் இருந்தபோது அத்தா, அவருடைய அப்பா, மலேசியாவுக்கு மர ஆலை வேலைக்குப் போனார். திரும்பவில்லை. நெஞ்சுவலியில் இறந்து அங்கேயே அடக்கமானார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் புகைப்படம்.

காலை ஆறு மணிக்குச் சென்னை கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினேன். பத்து மணி வாக்கில் கடலூர். பேருந்து நிலையத்திலிருந்து ஓ.டி.க்கு ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. ரஹ்மத் அக்கா புர்கா போட்டுத் தயாராக நின்றிருந்தார். அத்தாவை நேரில் பார்த்தவர் அண்ணன் ஜாபர் ஒருவர்தான். சிதம்பரத்தில் கடை வைத்திருக்கிறார். அவர் பார்த்துச் சொன்னால்தான் நிச்சயம். சிதம்பரம் பேருந்தில் சேர்ந்து ஏறினோம்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டார். “படம் அசிங்கமா இருக்குமா மேடம்?”

மறைக்க மனம் வரவில்லை. “சில இடம் இருக்கும்க்கா. உங்க அத்தா மாதிரி இருக்கறவர் மொதல்ல பெட்டி தூக்குறார். அப்புறம் ஆள் பத்தாம, அவருக்கே உடம்பெல்லாம் வெள்ளையடிச்சு மனுசனத் தின்ற கூட்டத்துலயும் நிறுத்திட்டாங்க. மொதல்ல அம்பு பட்டு, அப்புறம் துப்பாக்கியில, ரெண்டுலயும் சாகுற மாதிரி வரும்.”

கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். “அண்ணன்கிட்ட நானே சொல்றேன்.”

கடை மேலவீதிக்குப் பக்கத்தில். பெட்டி, பை விற்கிறார்கள். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பலமுறை பார்த்த அந்த முகம், நரைத்த தாடியோடு.

தங்கை சொல்லி முடித்ததும் ஜாபர் பாய் என்னிடம் திரும்பினார். “எங்க அத்தா ஒழச்சு சாப்புட்டவரு. காட்டுமிராண்டியா ஆடுனாருன்னு ஊரு பேசணுமா? உங்க பக்கத்துல போட்ட அந்த போட்டோவ எடுத்துடுங்கம்மா.”

நான் பதில் சொல்லும் முன் ரஹ்மத் அக்கா பேசினார். “நீயாச்சும் அஞ்சு வருசம் அவுங்க தோள்ல ஏறிச் சுத்துன. நான் எதப் பாத்தேன்? அவுங்கதானான்னு மட்டும் சொல்லுண்ணே.”

ஜாபர் பாய் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்.

கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அட்டைப்பெட்டி மேல் மடிக்கணினியை வைத்து ஓட்டினேன். கூலிகள் வந்தார்கள். மூன்றாவது ஆள் பெட்டியைத் தூக்கும் முன் இரண்டு உள்ளங்கையையும் தொடையில் துடைத்துக்கொண்டார். ஜாபர் பாய் வாயைப் பொத்திக்கொண்டார். “அத்தாதான்” என்றார். “என்னைத் தூக்குறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் தொடைப்பாரு.”

அடுத்து, வெள்ளை பூசிய கூட்டம் கத்திக்கொண்டு ஓடிவரும் காட்சி. ரஹ்மத் அக்கா திரைக்கு அருகே காதைக் கொண்டுபோனார். “இது அத்தா கொரலா?”

இந்தப் படங்களில் பெரும்பாலும் எல்லாக் குரலும் பிறகு சேர்த்ததுதான். காட்டில் இவர்கள் பேசியதைப் படத்தில் வைக்கவில்லை. “இல்லக்கா. இத்தாலியில ஏதோ ஒரு ரூமுல யாரோ கத்துனது.”

“அப்ப சத்தத்த நிறுத்துங்க.”

நிறுத்தினேன். அத்தாவின் வாய் மட்டும் அசைந்தது. “தமிழ்ல ஏதோ சொல்றாப்ல இருக்கு” என்றார் அண்ணன். திரும்பத் திரும்ப ஓட்டினோம். என்ன வார்த்தை என்று பிடிபடவே இல்லை. கதாநாயகன் துப்பாக்கியை உயர்த்தும் இடம் வந்ததும் ஜாபர் பாய் சட்டென்று திரையை உள்ளங்கையால் மூடினார். விரலிடுக்கில் வெளிச்சம் அசைந்து அடங்கும்வரை எடுக்கவில்லை.

பிறகு கையை எடுத்துவிட்டு, “அந்த வெள்ளைக்காரன் எதுக்குக் காட்டுக்குள்ள போனான்?” என்றார்.

“தொலைஞ்சுபோன தம்பியத் தேடி.”

“கெடைச்சானா?”

“கெடைச்சுட்டார் பாய். உயிரோட ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுறாங்க.”

“நல்லது” என்று மட்டும் சொன்னார்.

என் பக்கத்தில் போட்ட புகைப்படத்தை நீக்கிவிடவா என்று கேட்டேன். “இருக்கட்டும். கீழ பேரு போடுங்க. மங்கலம்பேட்டை அப்துல் சலாம்.” போட்டுவிட்டேன். அம்பும் சாயமும் இல்லாத அந்தப் பெட்டி தூக்கும் காட்சியை மட்டும் வெட்டி இருவர் போனுக்கும் அனுப்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடராஜர் கோயில் நடுப்பகலில் சாத்தினால் மாலையில்தான் திறக்கும். மாலைப் பேருந்தில் கூட்டம் ஜாஸ்தி, பேருந்து நிலையத்திலேயே ஏறிவிடுவது நல்லது. இந்த வகைப் படங்களை இன்னும் பார்ப்பவர்களுக்கும் ஒன்று: கதாநாயகனுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது.

திரும்பும்போது மூன்று பேர் இருக்கையில் ரஹ்மத் அக்கா நடுவில். போனில் அந்தத் துண்டைச் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டே வந்தார். புதுச்சத்திரத்தில் ஏறிய பூக்கார அம்மா எட்டிப் பார்த்தார். “யாரும்மா அது, பொட்டி தூக்கிக்கிட்டுப் போறது?”

“எங்க அத்தா” என்றார் ரஹ்மத் அக்கா. “இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்.”