வரட்டிக்கு அடியில் இருந்த அளவு

என் மாமாவின் கையெழுத்தைப் படிக்காதவர் செய்யூர்ப் பக்கத்தில் இல்லை. படித்தபடி நடந்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். சுவர் விளம்பரம் எழுதுவது அவர் தொழில். பெரும்பாலும் சுகாதார வாசகங்கள். கொதிக்கவைத்த நீரையே பருகுவீர் என்று சைக்கிளில் ஊர் ஊராகப் போய் எழுதுவார். வழியில் தாகமெடுத்தால் ஏரித் தண்ணீரை அள்ளிக் குடிப்பார். அவர் கவலையெல்லாம் 'ழ'வின் சுழி சரியாக விழுந்ததா என்பதில்தான்.

முழுப்பரீட்சை விடுமுறைக்கு நான் அவர் வீட்டுக்குத்தான் போவேன். எனக்கு எட்டு வயதானபோது வயிற்றுப்போக்கு பற்றிய நீளமான வாசகம் ஒன்றை எழுதும் வேலை அவருக்கு வந்தது. கை பழகுவதற்காக முதலில் தன் வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் எழுதிப் பார்த்தார். அந்தச் சுவரில் நல்ல வெயில் விழும். அதனால் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அதன்மேலேயே வரட்டி தட்டத் தொடங்கினார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மாமாவும் தடுக்கவில்லை. எழுதிப் பார்த்தாயிற்று, இனி அந்தச் சுவரால் அவருக்கு என்ன வேலை?

பதினோரு வயதில் நான் போனபோது அத்தையின் கையில் எட்டு மாதப் பெண் குழந்தை இருந்தது. அதற்கு முன் பிறந்த பையன், எனக்கு ஒன்பது வயதாயிருந்த மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கிலேயே போய்விட்டான்.

ஒருநாள் விடியற்காலையில் இந்தக் குழந்தைக்கும் போக ஆரம்பித்தது. அத்தை வெளிறிப்போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி மாந்தம் என்றார்கள். தண்ணீரைக் கண்ணிலும் காட்டாதே, பாலும் வேண்டாம் என்றார்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மதியத்துக்குள் குழந்தையின் கண்கள் குழிந்துவிட்டன. அழுதால் கண்ணீர் வரவில்லை.

மாமா சாப்பிட வந்ததும் கேட்டேன்: "மாமா, நீ எழுதுனதுல தண்ணி குடுன்னுதான கீது?"

"அது ஊருக்கு எழுதுனது, பாப்பா."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். குழந்தையைப் பார்த்தார். "சக்கர ஆறு ஸ்பூனு. உப்பு எம்மாம்?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை சுவரில் எழுதியவருக்கும் தெரியவில்லை. உப்பு கூடினால் ஆபத்து என்ற வரி மட்டும் இருவருக்கும் நினைவிருந்தது. வெளியே ஓடினோம். சுவர் முழுக்க வரட்டி, பாதி காய்ந்தும் காயாமலும். இரண்டு கையாலும் பிய்த்துப் போட்டோம்.

"இன்னாத்துக்கு வரட்டியப் பிக்கறீங்க?" என்று அத்தை உள்ளிருந்து கத்தினார்.

கடைசி வரிசைக்கு அடியில் கிடைத்தது: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தாதீர் என்றும் இருந்தது. சாணிக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுப்பை மூட்டினோம்.

கரைசல் தயாரானதும் அத்தை குழந்தையைத் தர மறுத்தார். "தண்ணி குட்த்தா இன்னும் போவும்யா. இதையும் வாரிக் குடுக்கச் சொல்றியா?" என்று மார்போடு இறுக்கிக்கொண்டார். மாமா ஒரு ஸ்பூன் எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தார். அது நக்கியது. அடுத்த ஸ்பூனுக்குத் தானே வாயைத் திறந்தது.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம். வழியெல்லாம் குட்த்துகினே வா," என்றார் மாமா.

பஸ்ஸில் அத்தை அப்படியே கொடுத்துக்கொண்டு போனாராம். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை மூத்திரம் பெய்து அத்தையின் புடவையை நனைத்ததாம். அப்போதுதான் மாமாவுக்கு மூச்சே வந்ததாம்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே சுவர் முன்னால் போய் நின்றார். என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் கணீரென்று படித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "இது எப்ப எழுதுனது?" என்றார்.

"மூணு வருசமா இங்கதான் கீது, அத்த!"

அத்தை தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தைதான் பிழைத்துவிட்டதே, இப்போது எதற்கு இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்ட சந்தோஷத்தில், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.