நான் எழுத மறுத்த தீர்மானம்

மும்பை தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரு கமிட்டி உண்டு. தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் அதன் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான் இருந்தது. போன கோடையில் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நான் திரும்பியதும் கூட்டம் போட்டார்கள். தலைவர் அண்ணாச்சி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இந்தப் பெங்காலிக்காரங்க வந்த பொறவுதான் இந்தப் பாடு. எவன் எந்த நாட்டுக்காரன்னே தெரியல. மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் காலி பண்ணணும்னு தீர்மானம் எழுதும்மா."

என் மாடி அறையில் அப்படி ஒரு குடும்பம் குடியிருந்தது. புருஷன் சேலைகளுக்கு ஜரிகை வேலை செய்கிறவன். மனைவி மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர்தான் அவர்களுக்கு.

பேனாவை மூடினேன்.

"அண்ணாச்சி, காரணம் எழுதணும்னா நம்ம பேரைத்தான் எழுதணும். ஒத்த வீட்ட மூணு மாடியாக்கி வாடகைக்கு விட்டது நாம. மோட்டார் போட்டு உறிஞ்சுததும் நாமதான்."

அண்ணாச்சி வீட்டிலேயே இரண்டு மோட்டார் ஓடுகிறது.

"நாம எத்தன வருசமா இங்க கெடக்கோம். அவியளும் நாமளும் ஒண்ணாம்மா?" என்றார்.

சின்ன வயதில் இதே ஊரில் பஸ்ஸில் தமிழ் பேசியதற்கு அப்பா என் வாயைப் பொத்தியிருக்கிறார். யார் காதிலாவது விழுந்தால் அடி விழும் என்ற பயம் அவருக்கு. வேலையைப் பிடுங்க வந்தவர்கள் என்று அன்றைக்கு எங்களைத்தான் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு அது மறந்திருக்காது.

"ஒண்ணுதான் அண்ணாச்சி. அன்னைக்கு நம்மள வெரட்டுனவனும் இதையேதான் சொன்னான். நான் எழுத மாட்டேன்."

வேறொருவர் இந்தியில் எழுதினார். என்னைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என் பொறுப்பும் அன்றோடு போயிற்று.

மறுவாரம் யாரோ புகார் கொடுத்து, போலீஸ் சௌக்கியிலிருந்து என் மாடியில் குடியிருப்பவனைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அவனுடைய காகிதங்களைப் பார்த்து அவர்கள் அனுப்பும்வரை நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

சந்தில் இருந்த மற்ற மூன்று பெங்காலிக் குடும்பங்கள் பயந்து காலி செய்துவிட்டன. அதற்குப் பிறகும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. என் வீட்டில் இருப்பவர்கள் போகவில்லை. போகச் சொல்ல நான் யாரையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம். தினமும் காலையில் நானும் மாடி வீட்டுப் பெண்ணும் ஒன்றாகத்தான் குழாய் வரிசையில் நிற்கிறோம். அவள் குடத்தை யாராவது பின்னால் நகர்த்தினால், நான் எடுத்து முன்னால் வைக்கிறேன்.