வாலில் உட்கார்ந்த விமானம்

சரக்கு விமானத்தின் கதவைத் திறப்பதற்கு முன் வாலுக்கடியில் ஓர் இரும்புத் தாங்குகோலை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் முன்பக்கச் சரக்கை இறக்கினால் மூக்கு மேலே போய் வால் தரையில் உட்கார்ந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோலை நிறுத்துவது, சுமை தூக்கும் ஒரு பெண்ணின் வேலை. சரக்குப் பிரிவில் எல்லோருக்கும் அவர் ‘முட்டு அக்கா’. ஆனால் விமான நிலையத்தின் முன்வாசலை அவர் மிதித்ததே இல்லை. சுமை தூக்குகிறவர்கள் பின்வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்பது விதி. அதை எழுதியது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காவல் நிற்க மட்டும் ஆள் உண்டு.

அந்த வருடம் ஊழியர் மன்றம் மாதிரி விமானப் போட்டி அறிவித்தது. பரிசு பெறும் விமானம் விமான நிலைய முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வருடம் இருக்கும். “நம்மளத்தான் உள்ள விட மாட்டாங்க, நம்ம விமானமாவது போகட்டும்” என்று அக்கா பொம்மைக் கடைக்குக் கிளம்பினார். அவர் தினமும் சரக்கு இறக்கும் அதே ரக விமானம், பாகம் பாகமாக ஒட்டிச் சேர்ப்பது, தூசி படிந்து ஒரே ஒரு பெட்டி இருந்தது.

“ராசியில்லாத பெட்டிம்மா. வாங்கின மூணு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க” என்றார் கடைக்காரர்.

“ராசி என்ன பண்ணும், பாவம்? பாகங்கள வார்த்த அச்சு தேஞ்சிருக்கும். குடுங்க.”

அச்சுதான் தேய்ந்திருந்தது. உடலின் இரண்டு பாதிகளைச் சேர்த்தால் நடுவே நகம் நுழைந்தது. தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகள் ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் போலப் புடைத்து நின்றன. சரக்குக் கதவைக் காணோம்.

“விமானமா இது, சோப்பு டப்பாவா?” என்றார் தையல்காரரான கணவர்.

“ஊசி இருந்தா குடுத்துட்டு உங்க வேலையப் பாருங்க.”

இரண்டு மாதம் சமையலறை மேஜையில் வேலை நடந்தது. இடைவெளியைப் பட்டிப் பசையால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். ரிவெட்டுகளைச் சீவிவிட்டு ஊசிமுனையால் புதிதாகக் குத்தினார். கதவை வெட்டித் திறந்தார். எந்த இடத்தில் தள்ளுவண்டி இடித்துத் தகடு நசுங்கும், எங்கே எண்ணெய் வழிந்து கறுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அத்தனையும் அந்த ஒரு முழ விமானத்தில் வந்து சேர்ந்தது.

போட்டிக்கு முதல் நாள் சக்கரங்களை ஒட்டி மேஜையில் நிறுத்தினார். விமானம் நிதானமாக மூக்கைத் தூக்கி, வாலில் உட்கார்ந்தது. மூக்குக்குள் கனம் வைக்காமலே உடலை ஒட்டி மூடிவிட்டார்!

கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஊர் விமானத்துக்கெல்லாம் முட்டுக் குடுக்குறவ, சொந்த விமானத்துக்கு மறந்துட்டியே!”

அக்கா முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாகங்கள் கோத்து வந்த பிளாஸ்டிக் குச்சி மிச்சம் இருந்தது. அதைக் கையில் எடுத்தார்.

மன்றத்தில் படிவம் வாங்கிய இளைஞன், “பெண்கள், சிறுவர் பிரிவு அந்தப் பக்கம்” என்று கைகாட்டினான். டன் கணக்கில் சரக்கு ஏற்றுகிறவளை, பால்பல் விழாத பிள்ளைகளோடு சேர்த்து வைக்கிற புத்தியை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ!

“என் பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு தம்பி. நான் இங்கயே வைக்கிறேன்.”

நடுவராக வந்தவர் தலைமைப் பொறியாளர். குனிந்து பார்த்தார். “வாலுக்குக் கீழ என்னம்மா இது? பெட்டியில இல்லாத பாகமாச்சே.”

“பெட்டியில இல்ல சார். விமானம் நிக்குற எடத்துல இருக்கு. முன்சரக்கு இறக்கும்போது இது இல்லாம கதவைத் திறக்க மாட்டோம்.”

“மூக்குல கனம் வைக்க மறந்துட்டீங்க, அப்படித்தானே?”

“மறந்துட்டேன் சார். ஆனா நிஜ விமானத்தைச் செஞ்சவங்களும் அதைத்தானே மறந்திருக்காங்க?”

பொறியாளர் வாய்விட்டுச் சிரித்தார். நசுங்கிய தகட்டையும் எண்ணெய்க் கறையையும் கண்ணாடி மாட்டி ஒருமுறை, கழற்றி ஒருமுறை பார்த்தார். முதல் பரிசு கிடைத்தது. விமானம் முன்வாசல் வழியாகப் போனது. அக்கா வழக்கம்போலப் பின்வாசல் வழியாக.

நாலாம் நாள் காலை சரக்குப் பிரிவுக்கு விமான நிலைய மேலாளரே தொலைபேசியில் பேசினார். கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தவர்கள், ஏதோ குச்சி என்று தாங்குகோலை எடுத்து எறிந்துவிட்டார்கள். விமானம் வாலில் உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டு விருந்தினர் வரும் நேரம்.

“உடனே வாங்கம்மா!”

“வரேன் சார். எந்த வாசல் வழியா?”

மேலாளர் அந்தப் பக்கம் யாரிடமோ மணி கேட்டார்.

“முன்வாசல் வழியாவே வாங்க.”

“முட்டுக் குடுக்குறது ஒத்தை ஆள் வேலை இல்ல சார். எங்க குழுவுல எட்டுப் பேரு” என்று சொல்லிவிட்டு, அக்கா திரும்பி எல்லோரையும் கைகாட்டிக் கூப்பிட்டார்.